நாற்பது உதாரணங்கள் சரிவந்தால் அது நிறுவலாகுமா? தொகுத்தறிவு முறை எதற்கு?

ஆகாது. ஏற்றுக்கொண்ட எடுகோள்களிலிருந்து, விதிவிலக்குக்கு இடமின்றித் தர்க்கப்படி முடிவை அடைவதே நிறுவல். ஓர் எண்ணின் வர்க்கத்துடன் அதே எண்ணையும் 41ஐயும் கூட்டிப் பாருங்கள்: 0 முதல் 39 வரை ஒவ்வொரு தடவையும் முதன்மை எண்ணே கிடைக்கும்; 40இல் வருவதோ 1681, அதாவது 41இன் வர்க்கம். உயர்தர இணைந்த கணிதத்தில் நாம் மனனம் செய்துவிடும் தொகுத்தறிவு முறையின் தேவை இங்கேதான் புரிகிறது.

எண்ணற்ற எண்களை ஒவ்வொன்றாகச் சோதிக்க இயலாது என்பதால், கூற்று முதல் எண்ணுக்கு உண்மை என்பதையும், ஏதேனும் ஓர் எண்ணுக்கு உண்மையாயின் அதற்கடுத்த எண்ணுக்கும் உண்மையாகும் என்பதையும் காட்டுகிறோம். 1இலிருந்து தொடர்ச்சியாகக் கூட்டப்படும் ஒற்றை எண்களின் கூட்டுத்தொகை, அவற்றின் எண்ணிக்கையின் வர்க்கம் என்ற கூற்றை எடுத்துக்கொள்வோம். முதல் ஐந்து ஒற்றை எண்களின் கூட்டுத்தொகை 25, அதாவது 5இன் வர்க்கம். அடுத்த ஒற்றை எண் 11ஐ, அதாவது 5இன் இருமடங்குடன் ஒன்றைச் சேர்த்தால் 36, அதாவது 6இன் வர்க்கம். ஒரு வர்க்கத்துடன் அதன் மூலத்தின் இருமடங்கையும் ஒன்றையும் கூட்டினால் எப்போதும் அடுத்த வர்க்கமே வருவதால், இது எங்கும் தடைப்படாது. கரையோரப் புகையிரதம் ஒரு நிலையத்தை அடைந்தால் அடுத்ததையும் அடையும் என்பது உறுதியானால், அது கொழும்புக் கோட்டையில் புறப்பட்டது என்ற செய்தியே வெள்ளவத்தையில் நிற்பவருக்குப் போதும்.

இம்முறையில் எழுதும் ‘ஓர் எண்ணுக்கு உண்மையெனக் கொள்வோம்’ என்ற வரி நிறுவவேண்டியதையே முன்கூட்டி எடுத்துக்கொள்வதாகப் பலர் கருதுகின்றனர். அங்கு கொள்ளப்படுவது ஓர் எண்ணுக்கான கூற்று மட்டுமே, நிறுவப்படுவது அதிலிருந்து அடுத்த எண்ணுக்குச் செல்லும் படி.