கேளுங்கள்: ஸ்பெயினுக்குப் போன தொண்டர்கள்

கே: ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் (1936–39) சண்டையிட வெளிநாட்டுத் தொண்டர்கள் எப்படி உள்ளே போனார்கள்? – தேனி வாசகர்

ப: இவர்கள் தளபதி ஃபிராங்கோவின் கலகப் படையை எதிர்த்து, குடியரசு அரசின் பக்கம் போராடப் போனவர்கள். பாரிஸ்தான் கூடுமிடம். கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்கள் ஆளைச் சலித்தெடுத்து அனுப்புவார்கள். பிரிட்டன்காரர்களுக்கு ஒரு வசதி: வாரக்கடைசிச் சுற்றுலா டிக்கெட்டில் பாரிஸ் போக பாஸ்போர்ட் வேண்டாம். அங்கிருந்து ரயிலில் தெற்கே பெர்ப்பிஞான். 1937 பிப்ரவரியில் பிரான்ஸ் எல்லையை அடைத்ததும் பிரனீஸ் மலையை ராத்திரியில் நடந்தே கடக்க வேண்டியதாயிற்று. பூட்ஸ் சத்தம் காட்டிக்கொடுக்கும் என்பதால் கயிற்று அடி வைத்த துணிச் செருப்பு. பேச்சும் சிகரெட்டும் கூடாது. வழிகாட்ட, கள்ளக்கடத்தல் தடம் அறிந்த உள்ளூர்க்காரர். மலைக்கு அப்பால் ஃபிகேரஸ் கோட்டையில் தங்கி, பிறகு ஆல்பசேத்தே முகாம். அங்கே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பலருக்கு அது திரும்பக் கிடைக்கவேயில்லை. 1940இல் மெக்சிகோவில் ரஷ்யப் புரட்சித் தலைவர் ட்ரொட்ஸ்கியைக் கொன்றவன் கையிலிருந்தது, ஸ்பெயினுக்குப் போன ஒரு கனடாக்காரரின் பாஸ்போர்ட்டைத் திருத்தியது!

கே: அவ்வளவு உற்சாகமாகப் போனவர்கள் ஏன் அத்தனை பேர் மடிந்தார்கள்? – கடலூர் வாசகர்

ப: உற்சாகத்துக்குக் குறைவில்லை, தோட்டாதான் பொருந்தவில்லை. 1937 பிப்ரவரி 12, மாட்ரிட்டுக்குத் தென்கிழக்கே ஹராமா பள்ளத்தாக்கு. பிரிட்டிஷ் பட்டாலியனில் சுமார் 600 பேர் இறங்கினார்கள். பொழுது சாயும்போது சண்டையிடும் நிலையில் இருந்தவர்கள் ஏறக்குறைய 225 பேர். மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு வந்த பெல்ட்டுகளில் வேறு ரகத் தோட்டாவைக் கோத்திருந்தார்கள். சரியான தோட்டா வந்துசேரும்வரை அவை வெறும் இரும்பு. காரணம் இதுதான்: இரு தரப்புக்கும் ஆயுதம் தருவதில்லை என்று ஐரோப்பிய நாடுகள் செய்த தலையிடாமை ஒப்பந்தத்தால் ஆயுதச் சந்தை அடைபட, குடியரசு அரசு கிடைத்த இடத்தில் கிடைத்ததை வாங்கியது. ஸ்பானிய மௌசர் துப்பாக்கிக்கு 7 மி.மீ., சோவியத் மோசின் துப்பாக்கிக்கு 7.62. ஒன்றின் தோட்டா மற்றதில் ஏறாது. அதோடு, சுட்டுப் பழகக்கூட நேரம் தராமல் பலரை முன்னணிக்கு ஏற்றிவிட்டார்கள். இதைத்தான் மன்னிக்க முடியாது.

மொழிச் சிக்கலுக்கு மட்டும் நல்ல வழி கண்டார்கள்: கூடியவரை மொழிவாரியாகவே பட்டாலியன் பிரித்தார்கள். ஜெர்மானியருக்குத் தேல்மான், இத்தாலியருக்குக் கரிபால்டி.

கே: மொத்தம் எத்தனை பேர்? – ஈரோடு வாசகி

ப: 50க்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து சுமார் 35,000 பேர். ஒரே சமயத்தில் 20,000ஐத் தாண்டியதில்லை.

கே: இந்தியர் யாராவது? – நெல்லை வாசகர்

ப: உண்டு. நாக்பூரின் கோபால் முகுந்த் ஹுத்தார் 'ஜான் ஸ்மித்' என்ற பெயரில் சேர்ந்தார். 1938இல் காந்தேசா அருகே பிடிபட்டு, சான் பெத்ரோ தெ கார்தேஞா மடத்துச் சிறையில் இருந்தார். இவர் ஆர்.எஸ்.எஸ்.ஸின் தொடக்ககாலப் பொதுச் செயலாளர் என்றால் நம்புவீர்களா? டாக்டர் அடல் ஸ்பெயினில் மருத்துவப் பணி செய்துவிட்டு, சீனாவுக்குப் போன இந்திய மருத்துவக் குழுவுக்குத் தலைமை ஏற்றார்.

கே: போர் முடிந்ததும் ஊர் திரும்பினார்களா? – சேலம் வாசகர்

ப: முடியும் முன்பே. 1938 செப்டம்பர் 21 அன்று ஜெனீவாவில் குடியரசின் பிரதமர் நெக்ரின் அவர்களைத் திருப்பி அனுப்புவதாக அறிவித்தார். அக்டோபர் 28 அன்று பார்சிலோனாவில் வழியனுப்பு அணிவகுப்பு. ஹிட்லரின் ஜெர்மனிக்கும் முசோலினியின் இத்தாலிக்கும் எப்படித் திரும்புவது? அந்நாட்டுத் தொண்டர்களில் பலர் பிரான்ஸில் கூர்ஸ் போன்ற முள்வேலி முகாம்களில் அடைபட்டார்கள். 1996இல் ஸ்பெயின் குடியுரிமை தர முன்வந்தது; ஆனால் சொந்த நாட்டுக் குடியுரிமையை விட்டுவிட வேண்டும் என்றது. 2007 சட்டம் அந்த நிபந்தனையை எடுத்தபோது, மிச்சமிருந்தவர்கள் தொண்ணூறு வயதைத் தொட்டிருந்தார்கள்.