கேளுங்கள், சொல்கிறோம்: பேக்கிலே கரையும் வெள்ளி

வீடியோ கேம் பற்றிய கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தோம். கெடா பீடோங்கிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் பேசுகின்றன: காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு மறுபடியும் காசு கேட்கிறது; கொடுக்காவிட்டால் ஆடியதையே ஆடி மாளவேண்டியிருக்கிறது. அதனால் இந்த இதழ் முழுவதும் அதற்கே.

முழு விலை கொடுத்துக் கால்பந்து கேம் வாங்கினேன். தினமும் ஆடியும் என் அணியில் பெரிய ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லை. பேக் வாங்கினால் கிடைத்துவிடும் என்கிறான் கூட்டாளி. உண்மையில் ஒரு பேக் எவ்வளவு வெள்ளி ஆகிறது?
– படிவம் 4 மாணவர், பீடோங்

தம்பி, 'எவ்வளவு வெள்ளி' என்ற இந்தக் கேள்வியை நீங்கள் கேட்கக்கூடாது என்பதற்காகவே கடையில் விலையை வெள்ளியில் (ரிங்கிட்டில்) போடாமல் பாயிண்டில் போடுகிறார்கள். பேக் என்பது, உள்ளே எந்த ஆட்டக்காரர் என்று திறந்தபின்தான் தெரியும் அட்டைப் பொட்டலம். எஃப்சி (2023 வரை ஃபிஃபா என்ற பெயரில் வந்தது) விளையாட்டில் அட்டைகளைச் சேர்த்துச் சொந்த அணி அமைக்கும் 'அல்டிமேட் டீம்' முறையின் கணக்கைப் பார்ப்போம். இந்தப் பேக் முறை அங்கே 2009-லிருந்தே இருக்கிறது.

பிரீமியம் கோல்ட் பேக் 7,500 காயின் (ஆடிச் சேர்ப்பது), அல்லது 150 பாயிண்ட் (காசு கொடுத்து வாங்குவது). பாயிண்டை 100, 500, 1,050, 2,800, 12,000 என்று கட்டுக்கட்டாகத்தான் விற்கிறார்கள். 500 வாங்கினால் மூன்று பேக் திறக்கலாம். 50 பாயிண்ட் மிஞ்சும். அந்த ஐம்பதை வைத்து எதுவும் செய்யமுடியாது. அது வீணாகக்கூடாதே என்று அடுத்த கட்டு வாங்குவீர்கள். இந்த மிச்சம் தற்செயலாக விழுவதல்ல.

12,000 பாயிண்டின் அமெரிக்க விலை 99.99 டாலர். டாலருக்கு 4 வெள்ளி என்று வைத்தால் 400 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலை என்றால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி 38 சென் வருகிறது. ஆகவே அந்த ஒரு கட்டு, தோட்டத்தில் ஒருவர் ஆறு நாள் உழைத்த கூலி. அதற்கு 80 பிரீமியம் கோல்ட் பேக் திறக்கலாம்.

எண்பது பேக்கில் என்ன வரும்? பேக்கை வாங்குமுன் அதன் விவரத்தைத் திறந்தால் வாய்ப்பு விகிதம் தெரியும். ஃபிஃபா 19-லிருந்து இதைக் காட்டுகிறார்கள். உயர்ந்த வகைக்குப் பெரும்பாலும் '1 விழுக்காட்டுக்கும் குறைவு' என்றுதான் போட்டிருக்கும். முழுசாக ஒரு விழுக்காடு என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். நூறு பேக் திறந்தால் ஒன்று நிச்சயம் என்று பலர் நினைக்கிறார்கள், அது தப்பு. ஒவ்வொரு பேக்கும் தனிக்கணக்கு. 99 பேக்கில் ஏமாந்தவருக்கு நூறாவது பேக்கிலும் அதே ஒரு விழுக்காடுதான். 80 பேக்கில் ஒருமுறையாவது கிடைக்க 55 விழுக்காடு வாய்ப்பு. மீதி 45 விழுக்காடு, 400 வெள்ளியும் போய்க் கை வெறுமையாக நிற்கும் வாய்ப்பு. நூறு பேக் திறந்தாலும் 63 விழுக்காடுதான். 90 விழுக்காட்டைத் தொட 230 பேக் வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த விகிதம் ஒரு 'வகை'க்கு உரியது. அந்த வகைக்குள் எத்தனையோ பேர்; நீங்கள் ஆசைப்படும் ஒருவர் வருவதற்கான வாய்ப்பு அதைவிடக் குறைவு.

இ-ஃபுட்பால் என்ற இன்னொரு கால்பந்து கேமில் சில பட்டியல்கள் வேறு மாதிரி: பெட்டிக்குள் எண்ணிக்கை வரையறுத்த ஆட்டக்காரர்கள் இருப்பார்கள், எடுத்தவர் மறுபடி வரமாட்டார். 150 பேர் உள்ள பெட்டி என்றால், நீங்கள் விரும்பும் ஒருவரை எடுக்க சராசரியாக 75 அல்லது 76 முறை இழுக்கவேண்டும். மிக மோசமானால் 150. குறைந்தபட்சம் ஒரு முடிவாவது தெரிகிறது. இழுக்குமுன் 'வந்தவர் மறுபடி வருவாரா' என்று விதியில் படித்துப் பாருங்கள். கணக்கே அதில்தான் மாறுகிறது.

கூட்டாளி சொன்னதற்கு எங்கள் பதில்: வேண்டாம். பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-ல் காசு கொடுத்து வாங்கும் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே முடிவு செய்தது. 2019 ஜனவரியிலிருந்து அங்கே ஃபிஃபா பாயிண்ட் விற்பனை நிறுத்தப்பட்டது. இதே பேக்குகளுக்காக நெதர்லாந்தில் விதிக்கப்பட்ட அபராதத்தை 2022-ல் அங்குள்ள உயர்ந்த நிர்வாக நீதிமன்றம் ரத்து செய்தது, ஆக எல்லா நாடும் ஒரே முடிவுக்கு வரவில்லை. எங்களுக்கு அதில் சந்தேகம் இல்லை. என்ன கிடைக்கும் என்று தெரியாமல் காசு கட்டுவது எந்தப் பெயரில் நடந்தாலும் பள்ளிப் பிள்ளைக்கு ஆகாது.

பாயிண்ட் வாங்கமாட்டேன். காயின் மட்டும் சேர்த்து நல்ல அணி அமைக்க வழி உண்டா? வேலை முடிந்து வந்தால் ஒரு மணி நேரம்தான் ஆடமுடியும்.
– எண்ணெய் ஆலைத் தொழிலாளர், சுங்கை பட்டாணி

உண்டு. முதல் விதி: சேர்த்த காயினில் பேக் வாங்காதீர்கள். ஆடுகிறவர்களே காயினுக்கு அட்டைகளை வாங்கி விற்கும் டிரான்ஸ்ஃபர் மார்க்கெட்டில் வேண்டிய ஆட்டக்காரரை நேராக வாங்குங்கள்.

வாங்கி விற்பதில் பலர் சறுக்குவது, விற்ற விலையில் விளையாட்டே பிடித்துக்கொள்ளும் 5 விழுக்காட்டு வரியில். 10,000-க்கு வாங்கி 10,500-க்கு விற்றால் 500 லாபம் என்று தோன்றும். வரி 525 போய்க் கையில் 9,975 வரும், 25 நஷ்டம். முதல் திரும்ப வேண்டுமானால் வாங்கிய விலையை 0.95-ஆல் வகுங்கள்: 10,000-க்கு 10,527. அதற்கு மேல் வருவதுதான் லாபம்.

எப்போது வாங்குவது? புதிய சிறப்பு அட்டைகள் இங்கிலாந்து நேரம் மாலை 6 மணிக்கு இறங்கும். நமக்கு அது அங்கே கோடைகாலத்தில் இரவு 1 மணி, குளிர்காலத்தில் 2 மணி. அப்போது உலகமே பேக் திறப்பதால் சந்தையில் சரக்கு குவிந்து விலை விழும். தூக்கம் கெட்டு உட்காரவேண்டாம். ஏலத்துக்குத் தொகை போட்டுவிட்டுப் படுங்கள், காலையில் பாருங்கள். வாரப் பரிசுகள் கைக்கு வரும் வியாழக்கிழமையிலும் இதே கதைதான். விற்பதற்கு வார இறுதிப் போட்டி தொடங்குமுன் உள்ள நேரம் நல்லது. அணியைச் சரிசெய்ய எல்லாரும் அப்போதுதான் தேடுவார்கள்.

ஒரு மணி நேரம் மட்டும் உள்ளவருக்கு ஸ்குவாட் பேட்டில்ஸ் பொருந்தும். கணினி நடத்தும் அணியோடு ஆடுவது அது. பிங் (இணையத் தாமதம்) ஏறினாலும் எதிராளியின் ஆட்டம் இழுக்காது. ஆனால் சர்வரோடு உள்ள தொடர்பு அறுந்தால் அந்த ஆட்டத்தின் பலன் போய்விடும். ஃபைபர் வராத தோட்டத்தில் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் ஆடுகிறவர்கள் முதலில் பிளானில் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி வரம்பு உண்டா என்று பாருங்கள். அது முடிந்ததும் வேகம் விழும், பாதி ஆட்டத்தில் தொடர்பு அறும். தானாக அப்டேட் இறங்குவதையும் நிறுத்திவையுங்கள். பெரிய அப்டேட் ஒன்றே மாதக் கோட்டாவைத் தின்றுவிடும்.

எஃப்சி 24-லிருந்து எவல்யூஷன் வந்திருக்கிறது. கையில் உள்ள சாதாரண அட்டையை, சொன்ன சவால்களை முடித்து உயர்த்தலாம். இலவசமானவற்றை மட்டும் எடுங்கள். காயினோ பாயிண்டோ கேட்பதை விடுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: அடுத்த ஆண்டு விளையாட்டு வந்ததும் காயினும் அட்டையும் கூடவே வராது.

கூடைப்பந்து கேமில் என் ஆட்டக்காரர் 60-லேயே நிற்கிறார். ஆன்லைனில் எல்லாரும் 90-க்கு மேல். ஆடி ஆடி அலுத்துவிட்டது.
– பாலிடெக்னிக் மாணவர், பீடோங்

கேமின் பெயரை எழுதவில்லை. திறன் மதிப்பு 60-ல் தொடங்குவது, சொந்த ஆட்டக்காரரை உருவாக்கி வளர்க்கும் என்பிஏ 2கே-யின் மைகரியர் முறை என்பதால் அதையே வைத்துச் சொல்கிறோம். திறனை உயர்த்த விசி என்ற கேம் பணம் வேண்டும்; ஆடியும் சேர்க்கலாம், காசுக்கும் வாங்கலாம். மேலே போகப்போக ஒவ்வொரு புள்ளிக்கும் விலை ஏறும். பல ஆண்டுகளாக 75,000 விசி 19.99 டாலர், 15,000 விசி 4.99 டாலர்.

ஆடியதையே ஆடிச் சேர்ப்பதன் (கிரைண்டிங்) மதிப்பை நீங்களே அளக்கலாம். ஐந்து ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் விசி இருப்பைக் குறித்து, வித்தியாசத்தை ஆடிய நிமிடத்தால் வகுங்கள். ஆட்டத்துக்கு 800 விசி, 25 நிமிடம் என்று வந்தால் 75,000 சேர 94 ஆட்டம், ஏறக்குறைய 39 மணி நேரம். அந்த 39 மணி நேரத்தை 80 வெள்ளிக்கு விற்கிறார்கள். ஆட்டம் இவ்வளவு மெதுவாக ஏறுவதற்குக் காரணம் அதுதான். நீங்கள் அலுத்துப்போவதில்தான் வியாபாரமே இருக்கிறது.

நேரத்தை மிச்சப்படுத்தச் சில வழிகள். பில்டை (ஆட்டக்காரரின் உடலமைப்பும் திறன் அமைப்பும்) உறுதிசெய்யுமுன் 'டெஸ்ட் பில்ட்' வசதியில் ஆடிப் பாருங்கள். உயரம், எடை, கை நீளம் பிறகு மாற்றமுடியாது. பிடிக்கவில்லை என்று புதிது உருவாக்கினால் மறுபடி 60-லிருந்து. விசி வீணாவது பெரும்பாலும் இதில்தான். ஒரே ஒரு பில்ட் போதும். சட்டை, சப்பாத்து, முடி அலங்காரத்துக்கு விசி தொடாதீர்கள். தாங்கக்கூடிய அளவு கடினநிலையை ஏற்றினால் ஆட்டத்துக்கு வரும் விசி கூடும். எல்லாத் திறனையும் சமமாக ஏற்றாமல், உங்கள் நிலைக்கு வேண்டிய இரண்டு மூன்றை முதலில் முடியுங்கள்: மூன்று புள்ளி வீசுகிறவர் என்றால் அதுவும் பந்துக் கையாளலும்.

காசு கட்டுமுன் ஒரு தேதியை யோசியுங்கள். 2021 செப்டம்பரில் வந்த என்பிஏ 2கே22-இன் சர்வர் 2023 டிசம்பர் 31-ல் மூடப்பட்டது. 28 மாதம்கூட முழுசாக நிற்காத ஒன்றுக்குக் காசு போட்டவர்கள் கையில் இன்று அதில் ஒன்றுமில்லை. அதே கேமில் உள்ள மைஎன்பிஏ, பிளே நவ் என்ற முறைகள் இரண்டும் காசு கேட்காமல் ஆடக்கூடியவை. கூடைப்பந்து ஆசைக்கு அவை தாராளம்.

என் பையனுக்கு 13 வயது. கைப்பேசி பில்லோடு 300 வெள்ளிக்கு மேல் கேம் கட்டணம் வந்திருக்கிறது. என்ன செய்வது?
– பால்மரம் சீவும் தாயார், பீடோங் வட்டாரத் தோட்டம்

அம்மா, முதலில் பையனை அடிக்கவேண்டாம். இரண்டு தட்டில் பணம் போய்விடும்படி அமைத்திருக்கிறார்கள், பெரியவர்களே மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்றே செய்யவேண்டியது: ஆண்ட்ராய்டு என்றால் பிளே ஸ்டோரில் ஆர்டர் வரலாற்றைத் திறந்து ஒவ்வொரு கட்டணத்துக்கும் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். வாங்கி 48 மணி நேரத்துக்குள் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அது தாண்டியிருந்தால் கேம் நிறுவனத்துக்கே, குழந்தை அனுமதியின்றி வாங்கியது என்று எழுதுங்கள். ஐபோன் என்றால் ஆப்பிளின் 'ரிப்போர்ட் எ பிராப்ளம்' பக்கம். பில்லின் படத்தையும் ஆர்டர் எண்ணையும் பத்திரமாக வையுங்கள்.

அடுத்து வழியை அடைக்கவேண்டும். பிளே ஸ்டோரின் கட்டண முறைகளில் போய், பில்லோடு சேரும் கட்டணத்தையும் டச் என் கோ இ-வாலட்டையும் வங்கி அட்டையையும் நீக்குங்கள். பிறகு செட்டிங்கில், ஒவ்வொரு வாங்கலுக்கும் சரிபார்ப்பு கேட்கும்படி வையுங்கள். உங்கள் விரல் ரேகையோ உங்களுக்கு மட்டும் தெரிந்த கடவுச்சொல்லோ இருக்கவேண்டும். பையனின் விரல் ரேகை அந்தக் கைப்பேசியில் பதிந்திருந்தால் இந்தப் பூட்டு பூட்டே அல்ல. தொலைபேசி நிறுவனத்தை அழைத்து, பில்லில் மூன்றாம் தரப்புக் கட்டணத்தையே அடைக்கச் சொல்லலாம்.

பிளேஸ்டேஷன் இருந்தால் பையனுக்குக் குழந்தைக் கணக்கு திறந்து, மாதச் செலவு வரம்பைப் பூஜ்யத்தில் வையுங்கள். எஃப்சி விளையாட்டுக்குள் 'பிளேடைம்' என்ற பகுதியும் உண்டு. வாரத்துக்கு எத்தனை ஆட்டம், எத்தனை பேக், எவ்வளவு பாயிண்ட் என்று வரம்பு போடலாம். பையனையே பக்கத்தில் உட்காரவைத்து இதைச் செய்யுங்கள். தன் கண்முன்னே போட்ட வரம்பை அவன் ஏற்பான்.

வாட்ஸ்அப்பில் ஒருவர் பாதி விலைக்குக் காயின் தருகிறார். வாங்கலாமா?
– வாசகர், செமிலிங்

கூடாது. வெளியாளிடம் காயின் வாங்குவது விதிமீறல்; சந்தையிலிருந்து தடை, சேர்த்தது எல்லாம் அழிப்பு, கணக்கே முடக்கம் வரை போகும். அவர் கடவுச்சொல் கேட்டால் கணக்கும் போகும். பணம் கட்டி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் தேசிய மோசடி உதவி எண்ணான 997-ஐ அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். உள்ளூர்க் கடையில் ரசீதோடு வாங்கிய ரீலோட் கோடு (கணக்கில் பணம் ஏற்றும் குறியீட்டு எண்) வேலை செய்யாவிட்டால் அது வேறு விஷயம்: பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் முறையிடலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே விசாரிக்கிறார்கள்.

தீபாவளிக்குப் பாலாய் ராயாவில் (சமூக மண்டபத்தில்) கால்பந்து கேம் போட்டி வைக்கப்போகிறோம். பேக் வாங்கியவனே ஜெயிப்பான் என்று பிள்ளைகள் வரத் தயங்குகிறார்கள்.
– தோட்ட இளைஞர் மன்றம், பீடோங் வட்டாரம்

அல்டிமேட் டீமைத் தொடாதீர்கள். 'கிக் ஆஃப்' என்ற சாதாரண ஆட்ட முறையில் வையுங்கள். அங்கே எல்லா அணியும் எல்லாருக்கும் திறந்திருக்கும், இரண்டு பேர் ஒரே திரையில் ஆட இணையம் வேண்டாம். இருவரும் ஒரே நட்சத்திர மதிப்புள்ள அணியைத்தான் எடுக்கவேண்டும் என்று விதி போடுங்கள்; தகராறு வரும் என்று பட்டால் இருவருக்கும் ஒரே அணி.

பாதிக்கு 6 நிமிடம் வையுங்கள். இடைவேளை, மறு ஒளிபரப்பு, கன்ட்ரோலர் கைமாறுவது எல்லாம் சேர்த்து ஆட்டத்துக்கு 20 நிமிடம் பிடிக்கும். 16 பேர் நாக்-அவுட் என்றால் 15 ஆட்டம். ஒரு கன்சோலில் 5 மணி நேரம், இரண்டு இருந்தால் மூன்று மணி நேரத்துக்குள் முடிக்கலாம். முதல் சுற்றிலேயே தோற்றவன் வீட்டுக்குப் போகாமல் இருக்க, நாலு பேராக நான்கு குழு பிரித்து லீக் வைப்பது நல்லது. அப்போது குழு ஆட்டம் 24, பிறகு காலிறுதியிலிருந்து 7, மொத்தம் 31. இரண்டு கன்சோல் கட்டாயம் வேண்டும், ஐந்தரை மணி நேரம் ஒதுக்குங்கள். குழு ஆட்டத்தில் சமநிலை அப்படியே நிற்கட்டும். நாக்-அவுட்டில் கூடுதல் நேரம் வைக்காமல் நேரே பெனால்டி.

இரண்டு கன்சோலிலும் முந்தின நாளே ஒரே அப்டேட் இறக்கி, இணையத்தைத் துண்டித்துவிடுங்கள். கன்ட்ரோலர் நான்கும் முழு சார்ஜில் இருக்கட்டும், நீளமான யூஎஸ்பி கம்பி இரண்டு கையிருப்பில் வையுங்கள். டிவியில் 'கேம் மோட்' போட மறக்கவேண்டாம். அது இல்லாவிட்டால் பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் பந்து நகர்வதற்கும் இடையே தாமதம் தெரியும். அதை வைத்தே அன்றைக்குப் பாதிச் சண்டை வரும்.