வெள்ளித் துகள் ஏன் தென்படவில்லை?

கேள்வி: போரூர் ஏரி நீரில் வெள்ளி நானோதுகள்களை ஐசிபி-எம்எஸ் கருவியில் (நீரை பிளாஸ்மா என்ற மிகச் சூடான வாயுவில் செலுத்தி, தனிமங்களை நிறை வாரியாக எண்ணும் கருவி), துகள்களை ஒவ்வொன்றாக எண்ணும் ஒற்றைத் துகள் முறையில் அளக்கிறேன். 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்து, நைட்ரிக் அமிலம் சேர்த்தேன். அடிக்கோடு (சீரான பின்னணி அளவு) மட்டும் உயர்கிறது, துகளுக்கு ஒன்றாக வரவேண்டிய துடிப்பே இல்லை. ஏன்?
– ஆராய்ச்சி மாணவி, கிண்டி

பதில்: முதல் சந்தேகம் அமிலத்தின் மேல்தான். மொத்த உலோகத்தை அளக்க பிஎச் 2-க்குக் கீழே இறக்குவது சரி. துகளைத் தேடும்போது அதே அமிலம் வெள்ளியைக் கரைத்துவிடும். கரைந்தது அடிக்கோடாகத்தான் தெரியும். வடிதாளும் குற்றவாளியே. மண்துகளோடு ஒட்டிய நானோதுகள் அதிலேயே தங்கிவிடும். அமிலமே வேண்டாம். இருட்டில், 4 டிகிரியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் அளந்துவிடுங்கள். கசடு அடியில் படிந்ததும் மேல்நீரை எடுத்தால் போதும்.

அடுத்தது நீர்த்தல். மில்லிலிட்டருக்கு 1,00,000 துகள், நிமிடத்துக்கு 0.3 மில்லிலிட்டர் ஓட்டம், பிளாஸ்மாவை எட்டுவது 5 சதவீதம் என்றால் நிமிடத்துக்கு 1,500 துடிப்பு வரும். அது போதும். துகள் எண்ணிக்கை இதைப்போல் பத்து மடங்கானால் துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, இரண்டு துகள் ஒரு பெரிய துகளாகத் தெரியும். துடிப்பின் நீளமே அரை மில்லிவினாடிதான். ஆகவே டுவெல் டைம், அதாவது ஒவ்வொரு அளவீட்டுக்கும் கருவி எடுக்கும் நேரம், 0.1 மில்லிவினாடி வையுங்கள்.

அந்த 5 சதவீதத்தை அனுமானிக்காதீர்கள். 60 நானோமீட்டர் தங்கத் தரத்துகளை (ஒப்பிடுவதற்கான, அளவு தெரிந்த துகள்) ஓட்டி அன்றன்றைக்கே கணக்கிடுங்கள். ஏரி நீரின் ஒரு பங்கில் தெரிந்த அளவு வெள்ளித் துகளைச் சேர்த்து, அது திரும்பக் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். இதைச் செய்யாமல் 'துகள் இல்லை' என்று எழுதவே கூடாது. 10 நானோமீட்டருக்குக் கீழ்ப்பட்டவை பெரும்பாலும் அடிக்கோட்டிலேயே மறைந்துவிடும்.

கேள்வி: அதே முறையில் அடையாறு முகத்துவார நீரை அளந்தால் டைட்டானியம்-48 (நிறை 48 கொண்ட டைட்டானியம்) அடிக்கோடு மிக உயரமாக இருக்கிறதே?
– வாசகர், பெசன்ட் நகர்

பதில்: கால்சியம்-48! நிறை ஒன்றே என்பதால் கருவி இரண்டையும் பிரித்தறியாது. கால்சியத்தில் அது 0.19 சதவீதம்தான். ஆனால் கடல்நீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறதே. டைட்டானியம்-47-க்கு மாறினால் கழிவுநீரின் பாஸ்பரஸ் ஆக்சிஜனோடு சேர்ந்து அங்கேயும் வரும். 49-இல் குளோரினும் நைட்ரஜனும் சேர்ந்து வரும். தவிர, 47-இன் பங்கு 48-இல் பத்தில் ஒன்று என்பதால் காணக்கூடிய மிகச்சிறு விட்டம் இரு மடங்குக்குச் சற்று மேலே போய்விடும். டிரிபிள் குவாட்ரபோல் (இரண்டு முறை நிறை பிரிக்கும்) கருவி கிடைத்தால் அம்மோனியா வாயு விட்டு, அதோடு சேர்ந்த டைட்டானியம்-48-ஐ நிறை 131-இல் பிடிப்பதே நல்லது. உப்பையும் மறக்காதீர்கள். கரைந்த திடப்பொருள் 0.2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கடல்நீர் என்றால் குறைந்தது 20 மடங்கு நீர்க்க வேண்டும்.

கிடைத்த டைட்டானியத் துகளெல்லாம் பெயின்டிலிருந்தோ சன்ஸ்கிரீனிலிருந்தோ வந்தவை அல்ல. நம் கடற்கரை மணலில் இல்மனைட், ரூட்டைல் என்ற டைட்டானியக் கனிமங்கள் இயல்பாகவே உண்டு. இயற்கைத் துகளைப் பிரித்தறிய, ஒரே துகளில் டைட்டானியத்தோடு இரும்பும் நியோபியமும் சேர்ந்து வருகின்றனவா என்று பார்க்க வேண்டும்; அதை எல்லாத் தனிமங்களையும் ஒரே நேரத்தில் அளக்கும் டைம் ஆஃப் ஃப்ளைட் கருவியில்தான் பார்க்க முடியும்.