ஆட்டிசமும் ஒரே விஷயத்தில் ஊன்றும் கவனமும்: கேள்வி பதில்

ஆட்டிசம் உள்ளவர்கள் ஒரே விஷயத்தில் மூழ்கிப்போவது பற்றி வந்திருக்கும் கேள்விகளுக்கு, சிறப்பாசிரியராக வேலை செய்யும் நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் பிள்ளையை நேரில் பார்க்கும் மருத்துவரின் ஆலோசனைக்கு இது மாற்று இல்லை.

கேள்வி: அக்கா, என் மகனுக்கு ஆறு வயது. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ஃபேனைத்தான் பார்க்கிறான். என்ன கம்பெனி, எத்தனை இறக்கை, ரெகுலேட்டர் எத்தனையில் இருக்கிறது எல்லாம் சொல்வான். சொந்தக்காரர்கள் "இப்படியே விட்டால் முற்றிவிடும்" என்கிறார்கள். நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம் அம்மா. முற்றிப்போவதற்கு இது வியாதி இல்லை.

சுழலும் பொருள்மேல் ஆசை ஆட்டிசத்தின் வரலாற்றிலேயே ஆரம்பத்திலிருந்து இருக்கிறது. 1943-ல் அமெரிக்க மனநல மருத்துவர் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் முதல் குழந்தை டொனால்ட் டிரிப்லெட். கையில் கிடைத்த பாத்திரம், கட்டை எல்லாவற்றையும் சுழற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பையன். அவர் பின்னாளில் மிசிசிப்பியில் தன் சொந்த ஊரான ஃபாரஸ்டில் வங்கியில் வேலை பார்த்தார், கோல்ஃப் ஆடினார், தனியாகப் பல நாடுகளுக்குப் போய்வந்தார், 2023-ல் 89 வயதில் காலமானார். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி அமையும் என்று நான் சொல்லவில்லை. சுழற்றிப் பார்த்ததால் அவர் வாழ்க்கை கெட்டுப்போகவில்லை, அவ்வளவுதான்.

ஏன் இப்படி என்பதற்கு எனக்குப் பொருத்தமாகப் படும் விளக்கம் 2005-ல் டைனா மர்ரே, மைக் லெஸர், வென் லாசன் மூவரும் எழுதியது. இவர்களில் லாசன் தாமே ஆட்டிசம் உள்ளவர். யாருக்கும் ஒரு நேரத்தில் கிடைக்கும் கவனம் கொஞ்சம்தான். பெரும்பாலானோர் அதைப் பல விஷயங்களுக்குப் பங்கிட்டுக்கொள்கிறார்கள், டியூப்லைட் வெளிச்சம் அறை முழுக்கப் பரவுவதுபோல. ஆட்டிசம் உள்ளவர்களிடம் அது டார்ச் வெளிச்சமாக ஒரே இடத்தில் விழுகிறது. விழுந்த இடம் மிகத் தெளிவு, மற்ற இடம் இருட்டு. இதை மோனோட்ரோபிசம் என்கிறார்கள். உங்கள் மகனைப் புது வீட்டின் சத்தமும் தெரியாத முகங்களும் திணறடித்திருக்கலாம். ஃபேன் அப்படியில்லை. அது எப்போதும் ஒரே மாதிரி சுற்றும். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவன் அந்த வீட்டுக்குள் இருக்கிறான்.

அவன் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஃபேனைப் பாருங்கள். கேள்வி கேட்காதீர்கள். "இது மெதுவாகச் சுற்றுகிறது" என்று ஒரு வரி சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். பல பிள்ளைகள் அப்போதுதான் நம் முகத்தைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

கேள்வி: கூப்பிட்டால் திரும்புவதே இல்லை மேடம். வேண்டுமென்றே செய்கிறானோ என்று கோபம் வருகிறது.

முதலில் காதைப் பரிசோதித்துவிடுங்கள். ஆட்டிசம் என்று தெரிந்தபிறகும் இதைத் தள்ளிப்போடக் கூடாது. பெரா டெஸ்ட் (சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் தரும் பதிலை அளக்கும் பரிசோதனை) எடுக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

காது நன்றாக இருந்தால், வேண்டுமென்று செய்யவில்லை என்று நம்புங்கள். கவனம் முழுக்க ஒரு இடத்தில் இருக்கும்போது உங்கள் குரல் காதில் விழுந்தாலும் அவனுக்குள் போய்ச் சேர்வதில்லை. அங்கிருந்து அவனைப் பிடுங்கினால் அது நமக்குத் தூக்கத்தில் உலுக்கி எழுப்பும் எரிச்சலைவிடப் பெரிது. அடம் என்று நாம் சொல்வதில் பாதி இந்த இடமாற்றத்தில் வருவது.

சமையலறையிலிருந்து கத்தாதீர்கள். அவன் பார்வை படும் இடத்துக்குப் போங்கள். கையில் இருப்பதை முடிக்க விடுங்கள்: "இந்த ரயில் ஸ்டேஷனுக்குப் போய் நின்றதும் சாப்பிடலாம்." பிள்ளைக்கு ஐந்து நிமிடம் என்பதைவிட ரயில் நிற்பது நன்றாகப் புரியும். டைமர் சிலருக்கு உதவும், சிலருக்கு அதுவே பதற்றம். சொன்னபிறகு பதிலுக்குக் காத்திருங்கள். நாம் பெரும்பாலும் காத்திருப்பதே இல்லை.

கேள்வி: என் பையனுக்குச் சென்னை பஸ் ரூட் எல்லாம் மனப்பாடம். 29சி எங்கெங்கே நிற்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். கணக்குப் புத்தகத்தைத் தொடமாட்டான். இதைப் படிப்புக்குப் பயன்படுத்த முடியுமா சார் என்று கேட்டால் பள்ளியில் சிரிக்கிறார்கள்.

சிரிக்க ஒன்றுமில்லை. நியூயார்க் டிரான்சிட் மியூசியத்தில் ரயில்மேல் பைத்தியமாக இருக்கும் ஆட்டிசப் பிள்ளைகளுக்கென்றே சப்வே ஸ்லூத்ஸ் என்ற நிகழ்ச்சி நடத்துகிறார்கள். ரயிலைப் பற்றிப் பேசப் பேசப் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் சேர்கிறார்கள்.

ஆட்டிசம் உள்ள அமெரிக்க விஞ்ஞானி டெம்பிள் கிராண்டினின் கதையையும் அந்த ஆசிரியர்களிடம் சொல்லுங்கள். பதின்வயதில் அரிசோனாவில் அத்தையின் பண்ணையில், ஊசி போட மாடுகளை இரண்டு பக்கமும் அழுத்தி நிறுத்தும் கூண்டைப் பார்த்தார். உள்ளே போன மாடு சில சமயம் அமைதியாவதைக் கவனித்து, தனக்கும் அப்படி ஒன்று செய்துகொண்டார். அவருடைய பதற்றம் தணிந்தது. பள்ளியிலோ இது கோணல் புத்தி, பிடுங்கிவிட வேண்டும் என்றார்கள். அறிவியல் ஆசிரியர் வில்லியம் கார்லாக் மட்டும் "அழுத்தம் ஏன் அமைதி தருகிறது என்று நீயே கண்டுபிடி, அதற்குப் படிக்க வேண்டும்" என்று வழிகாட்டினார். அந்தப் பெண் கால்நடை அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கி, கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். கார்லாக் அந்தக் கூண்டுக்குள்ளிருந்தே படிப்புக்கு வழி திறந்தார். எல்லா ஆசிரியர்களும் அவரைப்போல இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

பஸ்ஸில் கூட்டல் கழித்தல், நேரம், சில்லறை, வரைபடம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஒரு எச்சரிக்கை. அவன் பஸ்ஸைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நீங்கள் கணக்கு கேட்டால், பஸ்ஸும் பாடமாகிவிடும். அப்புறம் பேசுவதையே நிறுத்திக்கொள்வான். பாதி நேரமாவது சும்மா பஸ் பேச விடுங்கள்.

கேள்வி: இது ஓசிடியா (எண்ணச் சுழற்சி நோயா)?

பார்க்க ஒன்றுபோல இருக்கலாம், உள்ளே வேறு. ஓசிடியில் எண்ணம் வேண்டாத விருந்தாளியாக வந்து பயமுறுத்தும், ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் பயம் தணியும். இங்கே இருப்பது பெரும்பாலும் சந்தோஷம். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதும் உண்டு. செய்யும்போது பிள்ளையின் முகத்தில் நிம்மதி இல்லாமல் வேதனை தெரிந்தால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பதின்மூன்று வயது. எப்போதும் பிடிஎஸ் என்ற கொரிய இசைக்குழுவின் பாட்டு, அவர்களைப் பற்றியே பேச்சு. ஆட்டிசமாக இருக்கலாம் என்றார் ஒரு கவுன்சிலர். இந்த வயதுப் பெண்கள் எல்லாரும் அப்படித்தானே?

இந்த நினைப்பால்தான் பெண் குழந்தைகள் பலரைக் கண்டுபிடிக்காமலே விட்டுவிடுகிறோம். ஆட்டிசம் ஒரு பெண்ணுக்கு நான்கு ஆண் என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வந்த கணக்கு அது மூன்றை ஒட்டித்தான் இருக்கும் என்றது. விஷயம் வகுப்புத் தோழிகளுக்கும் பிடித்ததாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. எது பிடிக்கிறது என்பதைவிட எவ்வளவு, எப்படி என்று பாருங்கள். தோழிகள் பாட்டைக் கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போவார்கள். இவள் ஒவ்வொரு நிகழ்ச்சியின் தேதியும் வைத்திருக்கலாம், பேச்சை மாற்றினால் சோர்ந்துபோகலாம். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. சத்தம், துணி, உணவு, நட்பு, பள்ளிவிட்டு வந்ததும் நொந்துபோவது எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று, ஈடுபாடு மனிதர்கள்மேல் இருக்கும்போது இணையத்தில் யாரோ "நானும் ரசிகன்" என்று நெருங்குவது எளிது. அவளோடு வெளிப்படையாகப் பேசுங்கள்.

கேள்வி: தெரபியில், "மேப் புத்தகத்தைப் பூட்டி வையுங்கள், சொன்னதைச் செய்தால் மட்டும் கொடுங்கள்" என்கிறார்கள். பையன் அழுதுகொண்டே இருக்கிறான்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பிடித்ததைச் சேர்த்துக்கொண்டு சொல்லிக்கொடுப்பது ஒன்று. அதைப் பறித்துவைத்துப் பேரம் பேசுவது வேறு. நாள் முழுக்கச் சத்தத்திலும் வெளிச்சத்திலும் தத்தளிக்கும் பிள்ளைக்கு அந்தப் புத்தகம்தான் மூச்சுவிடும் இடம். அதைச் சம்பாதித்துத்தான் பெற வேண்டும் என்று ஆக்கினால் பதற்றம் கூடும், பதற்றம் கூடினால் சொன்னதைச் செய்வதும் குறையும். தெரபிஸ்டிடம் மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்: தினமும் மேப் நேரம் அவனுக்கு உண்டு, எந்த நிபந்தனையும் இல்லாமல்.

கேள்வி: இவ்வளவு தெரிந்தவன் மேதை ஆவானா?

பெரும்பாலும் இல்லை. ஆக வேண்டிய அவசியமும் இல்லை. சம்பாதிக்கப் பயன்படாத ஆசையும் ஆசைதான்.

கேள்வி: எனக்கு 27 வயது, ஐடியில் இருக்கிறேன், ஆட்டிசம் போன வருடம்தான் தெரிந்தது. ஒன்றில் இறங்கினால் சாப்பாடு, தண்ணீர், பாத்ரூம் எதுவும் நினைவு இருக்காது. சில மாதம் கழித்து அந்த ஆசை சட்டென்று போய்விடும். அப்போது வரும் வெறுமையைத் தாங்க முடியவில்லை.

பசி, தாகம், முட்டும் சிறுநீர் இவற்றை உடல் உள்ளிருந்து சொல்லும் செய்தியே ஆட்டிசம் உள்ள பலருக்கு மங்கலாகத்தான் கேட்கும். அதன்மேல் கவனமும் வேறிடத்தில் இருந்தால் கேட்கவே கேட்காது. மன உறுதியால் இதைச் சரிசெய்ய முயலாதீர்கள். தண்ணீர் பாட்டிலை கீபோர்டை மறைக்கும்படி வையுங்கள். வீட்டில் ஒருவர் வந்து தட்டை வைத்துவிட்டுப் போகட்டும். ஏடிஹெச்டியும் (கவனக் குறைபாடும் மிகைத் துடிப்பும்) சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும் நல்லது.

2018-ல் ரேச்சல் குரோவ் குழுவினர் ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் நடத்திய ஆய்வில், இத்தகைய ஈடுபாடுகள் ஓய்வுநேரம், பிறரோடு பழகுவது போன்றவற்றில் திருப்தியோடு சேர்ந்தே காணப்பட்டன. தீவிரம் மிக அதிகமானபோது மட்டும் நலன் குறைந்திருந்தது. உங்கள் தூக்கமும் சாப்பாடும் தொடர்ந்து கெடுவதுதான் நீங்கள் கவனிக்க வேண்டிய எல்லை.

ஆசை போனபிறகு வரும் வெறுமை உண்மையான இழப்பு. "பொழுதுபோக்குதானே" என்பவர்களிடம் வாதாட வேண்டாம். அந்த வாரங்களில் புதிதாக ஒன்றைத் தேடி ஓடாமல், பழைய ஆசைகளில் ஒன்றைத் தூசி தட்டிப் பாருங்கள், பலருக்கு அது திரும்பி வரும். வெறுமை நீண்டு, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம்.

கேள்வி: எங்கள் பேரனுக்கு லிஃப்ட் என்றால் உயிர். கதவு திறந்திருந்தால் போதும், ஓடிப்போய் ஏறிவிடுகிறான். எட்டு வயது. பயமாக இருக்கிறது அம்மா.

பயப்பட வேண்டிய விஷயம்தான் ஐயா. இங்கே பாதுகாப்பு முதலில், ஆசை அப்புறம். வாசல் கதவில் அவன் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள், இன்றைக்கே. வாட்ச்மேனிடமும் எல்லா மாடிக்காரர்களிடமும் சொல்லிவையுங்கள். சட்டைக்குள் ஃபோன் நம்பர் தைத்துவிடுங்கள்.

லிஃப்டே கிடையாது என்றால் இன்னும் வேகமாக ஓடுவான். ஆகவே தினமும் பெரியவர் ஒருவரோடு இரண்டு முறை லிஃப்ட் நேரம் கொடுங்கள். அப்போது எத்தனை பேர் ஏறலாம், அலாரம் பட்டன் எது, கரண்ட் போனால் என்ன செய்வது எல்லாம் சொல்லிக்கொடுங்கள். லிஃப்ட் பற்றிய விதி என்பதால் ஆசையாகக் கற்றுக்கொள்வான். "பெரியவர் இல்லாமல் ஏறக் கூடாது" என்பதையும் அந்த விதிகளில் ஒன்றாகவே வையுங்கள். காலை எத்தனை மணி, மாலை எத்தனை மணி என்று கடிகாரப் படம் வரைந்து, கதவின் உள்பக்கம் அவன் கண் உயரத்தில் ஒட்டிவிடுங்கள்.