கார் வாங்கும் முன் இடம் வேண்டும்

கேள்வி: எங்கள் தெருவில் கார் வாங்குகிறவர்கள் அதை அடுத்தவர் வாசலில்தான் நிறுத்துகிறார்கள். சென்ற ஐப்பசி மழையில், மூச்சுத்திணறிய என் மாமியாருக்காக வந்த ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நின்றுவிட, அவரை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். ஜப்பானில் நிறுத்த இடமில்லாதவர் காரே வாங்க முடியாது என்கிறார்களே, உண்மையா?
— வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: பெரும்பாலும் உண்மைதான், அம்மா. ஜப்பானின் நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு மலை. மிஞ்சிய சமவெளியில்தான் வீடும் வயலும் தொழிற்சாலையும் சாலையும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஆகவே 1962-லேயே அங்கு ஒரு சட்டம் வந்தது. காரைப் பதிவு செய்ய வேண்டுமானால், வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் அதை நிறுத்தச் சொந்த இடமோ வாடகை இடமோ இருப்பதாகக் காவல் நிலையத்தில் சான்று பெற வேண்டும். வாய்ச்சொல் போதாது, இடத்தின் நீள அகலங்களை அளந்து வரைபடமும், வாடகை இடமென்றால் உரிமையாளரின் ஒப்புதலும் கொடுக்க வேண்டும். இரவில் 8 மணி நேரம் தொடர்ந்து தெருவில் நிறுத்தி வைப்பதும் குற்றமே.

‘கேய்’ எனப்படும் சின்னக் கார்களுக்குக் கிராமப்புறங்களில் இந்த விதி தளர்கிறது. நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், எஞ்சின் 660 சிசி. இவற்றைத் தாண்டக் கூடாது. போருக்குப் பிந்தைய வறுமையில், 1949-ல் தோன்றிய வகை இது. பிறகு குறுகிய தெருக்களுக்கும் அதுவே பொருந்திப்போனது. நம் வீட்டு வாசல்களில் நின்ற மாருதி 800-கூட, சுசூகியின் இத்தகைய ஒரு காரிலிருந்து பிறந்ததுதான்.

நகரங்களில் கார்களை லிப்ட் போல மேலே தூக்கி அடுக்கும் கோபுரங்கள் உண்டு. திரும்ப இடமில்லாத வாசலில், காரைத் தரையிலுள்ள வட்டத்தட்டே சுழற்றிவிடும். கட்டண நிறுத்தங்கள் பலவற்றில் காருக்கடியில் ஓர் இரும்புத் தகடு எழும்பி நிற்கும். பணம் கட்டினால்தான் தாழும். இடத்துக்கு விலை உண்டு என்பதை அங்கே யாரும் மறக்க முடியாது. ரயில் வசதி நன்றாக இருப்பதால் டோக்கியோவில் பலர் கார் இல்லாமலே வாழ்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வசதி இல்லாத ஊரில் சட்டத்தை மட்டும் கொண்டுவந்தால் சுமை ஏழை எளியவர் மேல்தான் விழும்.

ஆனாலும், தெரு எவருடைய கொட்டகையும் அல்ல என்ற அந்த ஒரு விதி நமக்கும் வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். திண்ணையும் தாழ்வாரமும் இருந்த தமிழர் பகுதி வீடுகளில், அவற்றை இடித்துச் சாய்தளம் போட்ட பிறகும் கார் வெளியில்தான் நிற்கிறது. உங்கள் தெருவில் ஒரு பக்கம் மட்டுமே வண்டி நிறுத்த அனுமதிக்கக் கோரி, அண்டை வீட்டாரிடம் கையெழுத்து வாங்கிப் போக்குவரத்துக் காவல் பிரிவுக்கு மனு கொடுங்கள். ஆம்புலன்ஸ் நின்ற தேதியையும் நேரத்தையும் அதில் தவறாமல் எழுதுங்கள்.