கேன்டீனில் எனக்கு மட்டும் வேறு விலை

தம்பி, ஸ்டுட்கார்ட்டில் எம்.எஸ். முடித்துவிட்டீர்கள், வேலை தேடும் 18 மாத அனுமதியில் ஆறு மாதம் போய்விட்டது, கையில் இரண்டு வாய்ப்பு என்று எழுதியிருந்தீர்கள். ஒன்றில் பெரிய கார் கம்பெனிக்குள் உட்கார்ந்து வேலை, ஆனால் சம்பளம் தருவது ஓர் இன்ஜினியரிங் சேவை நிறுவனம். இன்னொன்று ஊருக்கு வெளியே, நம் ஆட்கள் யாரும் கேள்விப்படாத, இயந்திரம் செய்யும் கம்பெனி. இங்கே எல்லாரும் ஏன் குறிப்பிட்ட சில கம்பெனிகளுக்கே அலைகிறார்கள், எதில் சேரலாம் என்பது உங்கள் கேள்வி.

நான் வந்த புதிதில் சேர்ந்தது நீங்கள் சொன்ன முதல் வகை வேலையில்தான். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். அம்மாவிடம் போனில் கார் கம்பெனியின் பெயரை மட்டும் சொன்னேன், மறுநாள் தெரு முழுக்கச் செய்தி. உள்ளே போனால் என் அடையாள அட்டைக்கு வேறு நிறம். கேன்டீனில் அதே மவுல்டாஷனுக்கு (உள்ளே பூரணம் வைத்த இந்தப் பக்கத்து மாவுப் பண்டம்) என் தட்டுக்கு மட்டும் விலை கூடுதல், ஏனென்றால் மானியம் அவர்களுடைய ஊழியர்களுக்குத்தான். நவம்பரில் பக்கத்து மேசைக்காரருக்கு கிறிஸ்துமஸ் பணம் வந்தது, எனக்கு ஒரு சாக்லேட் டப்பா. இருவரும் செய்தது ஒரே வேலை. ப்ராஜெக்ட் முடிந்ததும் "அடுத்தது வடக்கே, 500 கிலோமீட்டர், திங்கட்கிழமை கிளம்ப முடியுமா" என்று கேட்டார்கள்.

அந்தப் பக்கத்து மேசைக்காரருக்கும் எனக்கும் இருந்த வித்தியாசத்தை விளங்கிக்கொண்டால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். இந்தப் பக்கத்துப் பாட்டிகளுக்கு "பேரன் டைம்லரில் இருக்கிறான்" என்று சொல்வதில் ஒரு பெருமை. 2022-ல் கம்பெனி மெர்சிடிஸ் பென்ஸ் குரூப் என்று பெயரை மாற்றிக்கொண்டது, பாட்டிகள் மாற்றிக்கொள்ளவில்லை. நம்மூரில் "அரசாங்க வேலை" என்று சொல்லும்போது குரலில் ஒரு நிம்மதி வருமே, அதேதான். அது காரின் மீதுள்ள மோகம் மட்டும் இல்லை. டரீஃப் என்று இங்கே சொல்கிற கூட்டு ஒப்பந்தம்தான் காரணம். ஐஜி மெட்டால் தொழிற்சங்கமும் முதலாளிகள் சங்கமும் உட்கார்ந்து பேசி எழுதுவது அது. வாரத்துக்கு 35 மணி நேரம், வருடத்துக்கு 30 நாள் விடுப்பு. வாரம் ஐந்து நாள் வேலைக்குச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது 20 நாள்தான். அந்த 35 மணி நேரமும் சும்மா வரவில்லை. 1984-ல் இதே வட்டாரத்தில் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது, அதன்பின் 40 மணி நேரம் படிப்படியாகக் குறைந்து 1995-ல்தான் 35-க்கு வந்து நின்றது.

சம்பளத்துக்கும் அட்டவணை உண்டு. ஸ்டுட்கார்ட் இருக்கும் இந்த பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் 17 படிகள், எந்தப் படிக்கு எவ்வளவு என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பேரம் பேசக் கூச்சப்படும் நம் ஆட்களுக்கு இது பெரிய உபகாரம். எந்தப் படி என்று மட்டும் சண்டை போட்டால் போதும். சிறு குழந்தை வைத்திருப்பவர்கள், சில நிபந்தனைகளோடு, ஒரு கூடுதல் தொகையை விட்டுக்கொடுத்து எட்டு நாள் லீவாக எடுத்துக்கொள்ளலாம். மகள் கிண்டர்கார்டனில் இருந்தபோது எனக்குப் பணத்தைவிட அந்த எட்டு நாள்தான் பெரிதாக இருந்தது.

அடுத்தது பெட்ரீப்ஸ்ராட், அதாவது ஊழியர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மன்றம். ஐந்து பேர் வேலை செய்யும் இடத்தில்கூட அமைக்கச் சட்டம் இடம் தருகிறது. மன்றம் இருக்கும் இடத்தில் அதனிடம் கேட்காமல் யாரையும் வேலையை விட்டு அனுப்பினால் அது செல்லாது. "யூனியனா, வம்பு" என்று நினைத்துத்தான் நானும் வந்தேன். இங்கே மேனேஜரே தன் பிரச்சினைக்கு அவர்களிடம் போய் நிற்பார்.

டரீஃப் இல்லாததெல்லாம் மோசம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வால்டார்ஃபில் இருக்கும் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி எஸ்ஏபியில் 2006 வரை பெட்ரீப்ஸ்ராட்டே கிடையாது, ஆனாலும் அங்கே நுழைய ஆசைப்படாத சாஃப்ட்வேர்காரர் உண்டா? சாஃப்ட்வேர் துறையின் கணக்கு வேறு. நீங்கள் மெக்கானிக்கல், அதனால்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

பெரிய பெயர் என்றால் பயமே இல்லை என்பதும் பழைய கதை. ஃபோக்ஸ்வாகன் 2030-க்குள் 35,000-க்கும் மேற்பட்ட இடங்களைக் குறைப்பதாக 2024 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த உடன்பாட்டிலேயே கட்டாயப் பணிநீக்கம் கிடையாது என்றும் இருக்கிறது. முன்கூட்டிய ஓய்வு, பணம் வாங்கிக்கொண்டு விலகுவது, இப்படித்தான் ஆள் குறையும். சரியும்போதும் மெதுவாகச் சரிகிற இடம். என்னை மாதிரி வெளி அட்டைக்காரர்களுக்கு அந்த மெது கிடையாது. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் முடிப்பது எங்கள் ஒப்பந்தத்தைத்தான்.

சரி, அந்தப் பெயர் தெரியாத கம்பெனி. ஜெர்மனியில் "யாருக்கும் தெரியாது" என்பது பல சமயம் நமக்குத்தான் தெரியாது என்று அர்த்தம். இங்கே சுற்றுவட்டாரத்தையே பாருங்கள்: டிட்ஸிங்கனில் ட்ரும்ப், எஸ்லிங்கனில் ஃபெஸ்டோ. ஊரில் சொன்னால் யாருக்கும் புரியாது, லேசர் வெட்டும் இயந்திரத்திலும் காற்றழுத்தக் கருவியிலும் உலகத்துக்கே இவர்கள் பெரிய ஆட்கள். ட்ரும்பில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை என்பதை ஊழியரே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டை 2011-லேயே கொண்டுவந்தார்கள். ஆனால் கிராமத்துப் பக்கம் என்றால் மதிய உணவு மேசையில் ஜெர்மன்தான், அதிலும் ஷ்வேபிஷ் என்ற இந்த வட்டார வழக்கு. ஜெர்மனில் பி1 என்ற நடுத்தர நிலைத் தேர்வு முடித்தவருக்கே முதல் மாதம் தலை சுற்றும்.

எனக்கென்றால் இரண்டாவதுதான், ஆனால் கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். டரீஃபில் இருக்கிறார்களா? "டரீஃபை ஒட்டி" என்று பதில் வந்தால் எதெல்லாம் ஒட்டவில்லை என்று நேராகக் கேளுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள். பெட்ரீப்ஸ்ராட் உண்டா? ஓவர்டைம் மணிக்கணக்கில் பதிவாகுமா, இல்லை "சம்பளத்தில் அடங்கியது" என்று ஒரு வரி போட்டிருக்கிறார்களா? ஊழியர்கள் தங்கள் கம்பெனிக்கு மதிப்பெண் போடும் குனுனு தளத்தில் நட்சத்திரம் எண்ணுவதைவிட இது மேல். அங்கே கோபத்தில் போனவர்களும் ஹெச்ஆர் சொல்லி எழுதியவர்களும்தான் அதிகம் என்பது என் சந்தேகம்.

எங்கே சேர்ந்தாலும் முதல் ஆறு மாதம் பெரும்பாலும் ப்ரோபட்சைட், அதாவது சோதனைக் காலம், இரண்டு வார நோட்டீஸில் அவர்களும் அனுப்பலாம், நீங்களும் கிளம்பலாம். அதற்குள் பெரிய வீடு, கார் லோன் எதுவும் வேண்டாம். ஒப்பந்தம் வந்ததும் உங்கள் பெயர், முகவரியை மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள், அந்த ஓவர்டைம் வரியை முதலில் பார்த்துச் சொல்கிறேன்.