ஆயிரத்தில் ஒன்று என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

கேள்வி: பிஎம்டபிள்யூ எம்4 சிஎஸ்எல் கூப்பே ஒன்று இடைத்தரகர் மூலம் விலைக்கு வந்திருக்கிறது. மிகக் குறைவாகவே ஓடியிருக்கிறது. உலகத்துக்கே 1,000 வண்டிதான் என்று சொல்லி, புதிதாக விற்ற விலையைவிட அதிகம் கேட்கிறார். இரண்டு நாளில் முன்பணம் போடாவிட்டால் வேறொருவர் எடுத்துக்கொள்வாராம். அந்த விலைக்கு இது தகுமா? பின்னால் விலை ஏறுமா?

பதில்: முன்பணம் போடாதீர்கள். மற்றதையெல்லாம் அதற்குப் பிறகு பேசுவோம். இந்த விலையில் இருக்கும் வண்டியை இரண்டு நாளில் யாரும் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்துவிட முடியாது. தரகர் கெடு வைப்பதே நீங்கள் சோதிக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

இனி வண்டிக்கு வருவோம். 2022ல் வந்த இந்த சிஎஸ்எல், அதே எம்4 காரின் வழக்கமான வகையான எம்4 காம்பெடிஷனைவிட சுமார் 100 கிலோ எடை குறைந்தது. அந்த 100 கிலோவில் பெரும்பகுதி எங்கே போனது என்று பாருங்கள். உடலை இறுக்கிப் பிடிக்கும் கார்பன் பக்கெட் சீட்டுகளில் சுமார் 24 கிலோ. பின் சீட்டை அடியோடு எடுத்ததில் 21 கிலோ. ஒலித்தடுப்புப் பொருளைக் குறைத்ததில் 15 கிலோ. அதாவது நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணத்தில் கணிசமான பங்கு, வசதியைக் கழற்றி எடுத்ததற்காகப் போகிறது. ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவருக்கு அது வரம். ஆபீஸுக்கும் வீட்டுக்கும் ஓட்டுகிறவருக்குச் சத்தமும் முதுகுவலியும்தான் மிச்சம்.

எஞ்சின் சக்தி 510லிருந்து 550 குதிரைத்திறனாக உயர்ந்திருக்கிறது. ஆனால் நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட சிஎஸ்எல்லுக்கு 3.7 விநாடி ஆகிறது. அதைவிட விலை குறைந்த, நான்கு சக்கரமும் இழுக்கும் சாதாரண எம்4 காம்பெடிஷன் 3.5 விநாடியில் தொட்டுவிடுகிறது. தயாரிப்பாளர் வெளியிட்ட எண்களே இவை. சிஎஸ்எல்லின் திறமை நேர்ரோட்டில் தெரியாது, வளைவில்தான் தெரியும். அதுவும் மிச்செலின் கப் 2 ஆர் டயரில் காய்ந்த சாலையில் ஓட்டும்போது. ரோட்டில் தண்ணீர் நின்றால் அந்த டயரை நம்பி வேகம் எடுக்காதீர்கள்.

விலை ஏறுமா என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆயிரம் வண்டியோடு நிறுத்துவதாகச் சொன்ன நிறுவனம், அதே எஞ்சினை வேறொரு பெயரில் தர மாட்டேன் என்று ஒருபோதும் சொன்னதில்லை. சொல்லவைக்க எந்தச் சட்டமும் இல்லை. 2023லேயே அதே 550 குதிரைத்திறன் எம்3 சிஎஸ்ஸில் வந்துவிட்டது. 2024ல் எம்4 சிஎஸ்ஸில் வந்தது: பின் சீட்டும் உண்டு, நான்கு சக்கர இழுவையும் உண்டு, 100ஐத் தொட 3.4 விநாடி, விலையும் சிஎஸ்எல்லைவிடக் குறைவு.

போர்ஷேவிலும் இதே கதைதான். 2016ல் 911 ஆர் என்று 991 வண்டிகள் செய்தார்கள்: 4 லிட்டர் எஞ்சின், கையால் மாற்றும் கியர். 911இன் இன்னொரு வகையான அன்றைய ஜிடி3யில் ஆட்டோமேட்டிக் மட்டும்தான் என்பதால், கைமாற்றி விற்கிறவர்கள் பட்டியல் விலையைப்போல் பல மடங்கு கேட்டார்கள். அடுத்த ஆண்டே போர்ஷே ஜிடி3யில் மேனுவல் கியரைத் திரும்பக் கொண்டுவந்தது. பின்இறக்கை இல்லாத டூரிங் வகையும் வந்தது. 911 ஆரின் சந்தை விலை சரிந்தது. முதலில் பட்டியல் விலைக்கு வாங்கியவர்களுக்கு ஒரு சேதமும் இல்லை, உச்சத்தில் வாங்கியவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். நீங்கள் இப்போது நிற்பது அந்த இரண்டாவது வரிசையில்.

விதிவிலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். லெக்ஸஸ் எல்எஃப்ஏ. 2010 டிசம்பர் முதல் 2012 டிசம்பர் வரை 500 வண்டிகள், அமெரிக்காவில் 3,75,000 டாலர். யமஹாவோடு சேர்ந்து உருவாக்கிய 4.8 லிட்டர் வி10 எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை போகும். அது மேலேறுகிற வேகத்தை முள்ளால் பின்தொடர முடியாது என்று சுற்று எண்ணிக்கை காட்டும் மானியை முள் இல்லாமல் திரையில் வைத்தார்கள். இத்தனை இருந்தும் தயாரிப்பு முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் சில வண்டிகள் விற்காமல் ஷோரூமில் நின்றன. எண்ணிக்கை குறைவு என்பது மட்டுமே அன்று வாங்குகிறவரை இழுக்கவில்லை. இன்று அதன் விலை அன்றையதைவிடப் பல படி மேலே நிற்கிறது. காரணம், அந்த எஞ்சின் வேறு எந்தக் காரிலும் வரவில்லை, இனி வரப்போவதும் இல்லை. எனவே எந்த வண்டியைப் பார்த்தாலும், இதில் இருக்கும் எது வேறு எதிலும் கிடைக்காது என்று கேளுங்கள். எல்எஃப்ஏவில் பதில் எஞ்சின். சிஎஸ்எல்லில் பதில், எடை குறைப்பும் அதற்கேற்ற சஸ்பென்ஷனும். அதற்குக் காசு தரலாம். புதிய விலையைத் தாண்டித் தர நான் சொல்லமாட்டேன்.

தரகரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். பெரும்பாலும் வண்டி அவர் கையில் இருக்காது. வேறொரு டீலரின் படங்களை எடுத்து, நடுவில் இன்னும் இரண்டு பேர் கமிஷன் சேர்த்து, அந்த விலை உங்களிடம் வருகிறது. முழு சேஸி எண்ணைக் கேளுங்கள். இன்றைய தேதியை ஒரு தாளில் எழுதி, அந்த எண் பொறித்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். ஆயிரம் சாக்கு வரும். பதிவுப் பத்திரத்தில் பெயர் இருப்பவரிடம் நேரடியாகப் பேசாமல், கடன் பாக்கி இல்லை என்ற கடிதத்தைப் பார்க்காமல், ஒரு காசும் நகரக் கூடாது. பணமும் அந்தப் பெயருக்கே போகவேண்டும்.

இந்தத் தரகர்களை வளர்த்துவிட்டதே நிறுவனங்கள்தான். பழைய வாடிக்கையாளருக்கு முன்னுரிமை என்று டீலர் ஒதுக்கித் தருகிறார், எடுத்தவர் மறுநாளே லாபம் வைத்து விற்கிறார். தடுக்க முடியாதா? ஃபோர்டு தன் ஜிடி என்ற அரிய ஸ்போர்ட்ஸ் கார் விஷயத்தில் இரண்டு ஆண்டுக்கு விற்கக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டார்கள்; மீறி விற்றதாக 2017ல் மல்யுத்த வீரர் ஜான் சீனா மீது வழக்கே தொடுத்தார்கள். மனம் இருந்தால் முடியும். வரிசையில் காத்திருக்கும் சாதாரண வாடிக்கையாளருக்காக மற்றவர்களில் பலர் ஏன் இதைச் செய்வதில்லை என்பதற்கு ஒழுங்கான பதிலை நான் இன்னும் கேட்கவில்லை.

நேரில் பார்க்கப் போனால் முதலில் டயருக்குக் குனியுங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஓட்டமே இல்லாத வண்டியில் டயர் மட்டும் புதிதாக இருந்தால், டிராக்கில் தேய்த்துத் தீர்த்தார்களா என்று கேளுங்கள். முன் பம்பரின் அடியில் விரலை ஓட்டிப் பாருங்கள், உரசல் இருந்தால் தட்டுப்படும். செராமிக் பிரேக் வட்டின் விளிம்பில் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அதை மாற்றும் செலவு சாதாரண பிரேக்கைப்போலப் பல மடங்கு. பெயிண்ட் தடிமன் அளக்கும் சாதாரணக் கருவி உலோகத்தில்தான் வேலை செய்யும். பானெட்டும் கூரையும் கார்பன் என்பதால் அது அங்கே உதவாது. ஒலியலையால் அளக்கும் அல்ட்ராசோனிக் கருவி வைத்திருப்பவரை அழைத்துப் போங்கள்.

வாங்கி மூடி வைத்தால் மதிப்பு கூடும் என்று அந்தத் தரகர் சொல்லியிருப்பார். நிற்கிற வண்டியிலும் டயர் கெட்டியாகும், பேட்டரி படுக்கும், பெட்ரோல் கெடும், சர்வீஸ் காலக்கெடு ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டுகிற எண்ணம் இருந்தால், புதிய விலைக்குள் வரும் வேறொரு சிஎஸ்எல்லுக்காகக் காத்திருங்கள். இல்லையென்றால் எம்4 சிஎஸ்ஸைப் பாருங்கள்.